தந்தையின் சாவும் பிள்ளையின் கல்லூரிக் கட்டணமும்

கொல்கத்தாவின் கிழக்கு விளிம்பில், உப்பேரிச் சதுப்பை ஹூக்ளி ஆற்றின் வண்டலால் நிரப்பி, மாநிலத்தின் முன்னாள் முதலமைச்சர் விதான் சந்திர ராயின் கனவாக எழுந்த சால்ட் லேக் நகரில், மேற்கு வங்க அரசின் கல்வித் துறை அலுவலகங்கள் இயங்கும் கட்டடத்திற்கு விகாஷ் பவன் என்று பெயர். ஆவணங்களில் சுவாமி விவேகானந்தரின் பெயரைத் தாங்கிய ஓர் உதவித்தொகையை மாணவர்கள் அந்தக் கட்டடத்தின் பெயராலேயே ‘விகாஷ் பவன் ஸ்காலர்ஷிப்’ என்று அழைக்கிறார்கள். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்கு மிகாமலும், மேல்நிலைத் தேர்வு மதிப்பெண் 60 விழுக்காட்டுக்குக் குறையாமலும் இருந்தால், கலைப் பட்டப் படிப்புக்கு மாதம் 1,000 ரூபாயும், பொறியியல், மருத்துவப் படிப்புகளுக்கு மாதம் 5,000 ரூபாயும் அதன்வழி கிடைக்கும். வறுமை, தகுதி என்னும் இரண்டு காரணங்களை நம்பி நிற்கும் இத்தகைய உதவியில் பெரிய தத்துவச் சிக்கல் எதுவும் இல்லை. மாணவரிடம் உள்ள ஒன்றுக்காகவும் அவரிடம் இல்லாத ஒன்றுக்காகவும் அது தரப்படுகிறது, இரண்டும் அவருடையவையே.

இதே நகரில் வாழும் காவலர் குடும்பங்களுக்கோ வேறொரு கதவும் உண்டு. மத்திய ஆயுதக் காவல் படையினரின் பிள்ளைகளுக்கும், அவர்களில் இறந்தோரின் மனைவியருக்கும், தேசிய பாதுகாப்பு நிதியிலிருந்து வழங்கப்பட்டு வந்த பிரதமரின் கல்வி உதவித்தொகைத் திட்டம், 2019 மே 31 அன்று, பயங்கரவாத அல்லது நக்சல் தாக்குதலில் உயிரிழந்த மாநிலக் காவலர்களின் பிள்ளைகளுக்கும் விரிவாக்கப்பட்டது. மாணவர்களுக்கு மாதம் 2,000 ரூபாயாக இருந்த தொகை 2,500 ஆகவும், மாணவியருக்கு 2,250 ஆக இருந்தது 3,000 ஆகவும் உயர்ந்தது. மாநிலக் காவலர் குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 500 புதிய இடங்கள் ஒதுக்கப்பட்டன. மேற்கு வங்கக் காவல் துறையில் புதிதாகச் சேரும் காவலரின் அடிப்படைச் சம்பளம் மாதம் 22,700 ரூபாய் என்பதால், அது மட்டுமே ஆண்டுக்கு 2,72,400 ஆகி, விகாஷ் பவனின் வருமான வரம்பைச் சிறிதளவில் தாண்டிவிடுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். பணியிலிருக்கும் காவலரின் பிள்ளை ஏழை என்னும் கணக்கில் சேர்வதில்லை. காவலர் கொல்லப்பட்டால் அதே பிள்ளை வேறொரு கணக்கில் சேர்ந்துவிடுகிறது. அந்த இரண்டாம் கணக்கு எந்த அறத்தின்மேல் எழுதப்படுகிறது என்பதே இங்கே ஆராயப்படும் வினா.

இந்திய மெய்யியல் மரபில் இவ்வினாவுக்குக் கூர்மையான ஒரு தடை உண்டு. வேதச் சடங்குகளின் பொருளை ஆராயும் மீமாம்சை நெறியின் முதல் நூலாசிரியரான சைமினி, சாத்திரம் கூறும் செயலின் பலன் அதைச் செய்தவனுக்கே உரியது என்று வகுத்தார். பின்வந்த தருக்கவியலார் இதையே இரண்டு குற்றங்களாகப் பிரித்துப் பேசினர். செய்ததன் பலன் செய்தவனை அடையாமல் அழிவது கிருதநாசம் எனப்பட்டது. செய்யாத ஒன்றின் பலன் ஒருவனை வந்தடைவது அகிருதாப்யாகமம் எனப்பட்டது. ஒரு கோட்பாடு இவ்விரண்டில் ஒன்றுக்கு இடம் கொடுத்தாலே அது வீழ்ந்துவிடும் என்பது அவர்கள் துணிபு. காவலரின் பிள்ளைக்குத் தரப்படும் கல்வித்தொகையிலோ இவ்விரண்டும் ஒருசேர நிகழ்வதுபோலத் தோன்றுகிறது, ஏனெனில் கடமையில் நின்று உயிர்விட்டவர் அதன் பலனைக் காணவில்லை, பலனைப் பெறும் பிள்ளையோ அச்செயலில் பங்கேதும் கொள்ளவில்லை. யூத மறையின் எசேக்கியேல் ஆகமத்தின் 18ஆம் அதிகாரமும் இதே திசையில், தந்தையின் குற்றத்தை மகன் சுமப்பதில்லை, நேர்மையாளனின் நேர்மை அவனையே சாரும் என்று அறுதியிடுகிறது. குற்றம் மரபுரிமையாக இறங்காது என்று ஏற்றுக்கொண்ட ஒரு சமூகம், பெருமை மட்டும் மரபுரிமையாக இறங்கும் என்று எவ்வாறு சொல்ல முடியும்?

மரபில் புண்ணியத்தைப் பிறருக்கு மாற்றித் தரும் வழக்கங்கள் இருக்கின்றனவே என்று விடை கூறுவோர் உண்டு. வைதிகர் செய்யும் சிராத்தமும், பௌத்தர் பத்திதானம் என்று அழைக்கும் புண்ணியப் பகிர்வும் அவ்வகையின. ஆனால் அவ்விரண்டிலும் பலன் உயிரோடு இருப்பவரிடமிருந்து இறந்தவரை நோக்கிப் போகிறது. கல்வித்தொகையின் ஓட்டம் அதற்கு நேர்மாறானது. ஆகவே அந்த ஒப்புமை பார்வைக்கு அழகாக இருந்தாலும் தடையை நீக்குவதற்கு உதவாது.

தடையை நீக்கும் வழி அரசியல் நூல்களில் இருக்கிறது. மகாபாரதத்தின் சபா பருவத்தில், இந்திரப்பிரத்தத்தில் ஆட்சியில் அமர்ந்த தருமனைக் காண வரும் நாரதர் அரசாட்சி குறித்து நீண்ட வினாத்தொடர் ஒன்றை அடுக்குகிறார். அதில் ஒன்று, அரசன்பொருட்டு இறந்தவர்களின் மனைவியரையும் அரசன்பொருட்டு இடருற்றவர்களையும் அவன் பேணுகிறானா என்பது. இறந்தவர் வீரரா, நல்லவரா, வென்றவரா என்று நாரதர் கேட்பதில்லை. யார்பொருட்டு இறந்தார் என்பதை மட்டுமே கேட்கிறார். கௌடிலியரின் அர்த்தசாத்திரம் இதை இன்னும் வறட்சியாகவும், அதனாலேயே இன்னும் உறுதியாகவும் சொல்கிறது. பணியில் இறந்தோரின் மக்களும் மனைவியரும் உணவும் ஊதியமும் பெற வேண்டும் என்றும், அவர்களுள் சிறுவர், முதியோர், நோயாளிகள் ஆகியோருக்கு அரசன் அருள்செய்ய வேண்டும் என்றும் அந்நூல் விதிக்கிறது. இவ்விதி தானங்களைப் பற்றிய பகுதியில் இடம்பெறவில்லை. தலைமை அமைச்சர் முதல் கடைநிலை ஏவலர் வரை யாருக்கு எவ்வளவு சம்பளம் என்று பட்டியலிடும் ஐந்தாம் அதிகரணத்தின் மூன்றாம் அத்தியாயத்தில், கணக்கோடு கணக்காக வருகிறது. கௌடிலியரின் பார்வையில் அது கொடையாகாது. வேலை நின்ற பின்னும் நில்லாத கூலி.

கிரேக்கத்தின் ஏதென்சு நகரம் போரில் இறந்தோரின் மக்களைப் பொதுச் செலவில் வளர்த்தது. பெலொப்பொனேசியப் போரின் முதலாண்டு முடிவில் பெரிக்ளீசு ஆற்றியதாகத் துசிடிடீசு எழுதிவைத்திருக்கும் இரங்கலுரை இந்த வாக்குறுதியோடுதான் நிறைவை நெருங்குகிறது. வளர்ந்த பிள்ளைகளை, தியோனீசு விழாவில் நாடகங்கள் தொடங்குமுன், கவசம் அணிவித்து அரங்கில் அணிவகுக்கச் செய்யும் வழக்கமும் அங்கே இருந்தது. உதவியோடு பெருமிதக் காட்சியையும் சேர்த்துக் கட்டிய ஏதென்சின் இந்த முறை, தந்தை இறந்த அதே பணிக்கு மகனை ஆயத்தப்படுத்திய முறையும் ஆகும். கௌடிலியரின் கணக்கேட்டில் அத்தகைய அணிவகுப்பு எதுவும் இல்லை என்பது அவருக்குச் சாதகமாகவே எண்ணத்தக்கது.

தமிழ்நாட்டின் சான்று இவ்விரண்டையும்விட இந்தப் பொருளுக்கு நெருக்கமானது. திருவண்ணாமலை மாவட்டத்தின் செங்கம் வட்டாரத்தில் கிடைத்த நடுகற்களில் நினைக்கப்படுவோர் பலர் பேரரசுப் போர்களில் மாண்ட படைத்தலைவர்கள் அல்லர். ஊரின் ஆநிரையைக் கவர வந்தோரைத் தடுத்து நின்றவர்களும், கவரப்பட்டதை மீட்கப் போனவர்களும் அவர்களுள் உண்டு. இன்றைய வழக்கில் சொல்வதானால், படைவீரரைவிடக் காவலருக்கே அவர்கள் நெருங்கிய முன்னோர். அவ்வாறு இறந்தோரின் வழியினருக்கு விடப்பட்ட நிலம் நெய்த்தோர்பட்டி என்றும் உதிரப்பட்டி என்றும் வழங்கியது. சிந்திய குருதியின் பொருட்டு விடப்பட்ட நிலம் என்பது இரண்டிற்கும் பொருள். கல் இறந்தவரின் பெயரையும் உருவையும் தாங்கியது, நிலம் உயிரோடு இருப்போரின் வயிற்றைத் தாங்கியது. புகழும் பிழைப்பும் தனித்தனி இடங்களில் வைக்கப்பட்டன. அந்த நிலத்தைப் பெற்ற மகன் உழவில் கைதேர்ந்தவனா என்று எந்தக் கல்லும் விசாரித்ததில்லை. பொன்முடியார் பாடிய புறநானூற்றின் 312ஆம் பாடல், பெற்றவள், தந்தை, கொல்லன், வேந்தன் என ஒவ்வொருவருக்கும் உரிய கடனைப் பகுத்துக் கூறி, களிற்றை வீழ்த்தி மீள்வது இளைஞனின் கடன் என்று முடிகிறது. அவன் மீளாதபோது யாருடைய கடன் என்ன என்பதை அப்பாடல் சொல்லவில்லை. அந்த இடைவெளியைத்தான் பட்டி நிலங்கள் நிரப்பின.

இவற்றையெல்லாம் ஒருங்கே நோக்கினால், மீமாம்சையின் தடை தொடக்கத்திலேயே தவறான பொருளைக் குறிவைத்தது என்பது விளங்கும். காவலரின் பிள்ளைக்கு வந்து சேர்வது தந்தையின் அறச் செயலின் பலன் என்று கொண்டால்தான் அகிருதாப்யாகமம் என்னும் குற்றம் எழும். உண்மையில் அந்தப் பிள்ளைக்கு முதலில் வந்து சேர்ந்தது ஓர் இழப்பு. தான் செய்யாத ஒன்றுக்காக, தன்னைக் கேளாமலே, அது தன் தந்தையை இழந்தது. செய்யாததன் விளைவு ஒருவரைச் சேரக் கூடாது என்னும் விதியை மீறியது சாவுதான்; உதவித்தொகை அந்த மீறலுக்குப் பின்னால், அதைச் சிறிதளவேனும் சரிக்கட்ட வருவது. பிள்ளை புகழின் வாரிசாக இங்கே நிற்கவில்லை. ஒரு நகரம் அமைதியாக உறங்குவதற்கான விலையில் ஒரு பங்கைச் செலுத்தியவராக நிற்கிறது. அத்துடன், அந்த இழப்பு விபத்துப்போல எங்கிருந்தோ வந்ததும் அன்று. குறிப்பிட்ட இரவில் குறிப்பிட்ட தெருமுனையில் நில் என்று அரசு இட்ட ஆணையின் வழியாக வந்தது. இழப்பும் ஆணையும் சேரும் இடத்தில் பிறப்பதற்கே கடன் என்று பெயர்.

கடன் என்று ஒப்புக்கொண்டால், இன்றைய விதிகளில் சில பொருந்தாமல் துருத்தி நிற்பது தெரியவரும். பிரதமரின் திட்டத்தில் தகுதித் தேர்வில் 60 விழுக்காடு மதிப்பெண் கேட்கப்படுகிறது. தொகை தொழிற்கல்வி, தொழில்நுட்பப் பட்டப் படிப்புகளுக்கே உரியது. பொது நிதியை வீணாக்கக் கூடாது என்பதற்காக எழுந்த நிபந்தனைகள் இவை என்பதில் ஐயமில்லை. பரிசுக்கு அவை பொருந்தும். கடன் கொடுத்தவர் வீட்டுக்குப் போய், உன் மகன் கணக்கில் எத்தனை மதிப்பெண் என்று கேட்டறிந்த பிறகே பணத்தைத் திருப்புவேன் என்று சொல்லும் கடனாளியை ஊர் எப்படிப் பார்க்கும்? அதிலும், தந்தையை இழந்த ஆண்டில் பள்ளித் தேர்வு எழுதிய ஒரு பிள்ளை 58 விழுக்காடு பெற்று நின்றால், அந்த இரண்டு விழுக்காட்டுக் குறைவே இழப்பின் அளவுக்குச் சான்றாக நிற்கக்கூடும். வரலாறோ தமிழோ படிக்க விரும்பும் பிள்ளையைப் பொறியியலுக்குத் தள்ளும் உரிமையும் கடனாளிக்கு இருப்பதாகத் தெரியவில்லை.

இறப்பின் வகையைப் பிரிக்கும் விதி இதைவிடக் கடுமையான சிக்கலை எழுப்புகிறது. 2002 சனவரி 22 அன்று காலை, கொல்கத்தா அமெரிக்கன் சென்டர் முன்னே காவலில் நின்றவர்கள்மீது மோட்டார் சைக்கிளில் வந்தோர் சுட்டதில் காவலர்கள் உயிரிழந்தனர்; அது ஐயத்துக்கு இடமில்லாத பயங்கரவாதத் தாக்குதல். 2010 பிப்ரவரி 15 அன்று மேற்கு மிதுனாப்பூரின் சில்தாவில், மாநிலக் காவல் துறையைச் சேர்ந்த கிழக்கு எல்லைத் துப்பாக்கிப் படை முகாமை மாவோயிஸ்டுகள் தாக்கியதில் 24 பேர் மாண்டனர். அது நக்சல் தாக்குதல். 2013 பிப்ரவரி 12 அன்று கார்டன் ரீச் பகுதியின் ஹரிமோகன் கோஷ் கல்லூரியில், மாணவர் பேரவைத் தேர்தலுக்கான மனுத்தாக்கலின்போது மூண்ட மோதலில், பாதுகாப்புப் பணிக்கு வந்திருந்த சிறப்புப் பிரிவு உதவி ஆய்வாளர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். முதல் இரண்டு சாவுகளின் வகையைச் சேர்ந்தவை 2019இன் விரிவாக்கத்துக்குள் அடங்கும். மூன்றாவதன் வகையைச் சேர்ந்தது அடங்காது. சுட்டவன் எந்த நோக்கத்தோடு சுட்டான் என்பது குற்றவியல் நீதிமன்றத்துக்குத் தேவையான கேள்வி. தந்தை எந்த ஆணையின்பேரில் அங்கே நின்றார் என்பதே பிள்ளையின் உரிமைக்குத் தேவையான கேள்வி. அமெரிக்காவில் 1996இல் கூட்டாட்சிக் காவலர் குடும்பங்களுக்கெனத் தொடங்கி 1998இல் மற்றக் காவலர்களுக்கும் தீயணைப்பாளர் போன்றோருக்கும் விரிக்கப்பட்ட கல்வி உதவி, கடமையின்போது நேர்ந்த மரணமா அல்லது நிரந்தர ஊனமா என்று பார்க்கிறதே தவிர, கொன்றவன் எந்தக் கொடியின்கீழ் வந்தான் என்று பார்ப்பதில்லை. கௌடிலியரும் பணிகளில் இறந்தோர் என்று பொதுவாகவே சொன்னார்.

இங்கே எதிர்த்தரப்பிலிருந்து ஒரு குரல் எழும். அதைத் தட்டிக்கழிப்பது நேர்மையாகாது. காவல் துறை சாகிறது என்பது உண்மையானால், காவல் துறை கொல்கிறது என்பதும் உண்மை. வடக்கு வங்கத்தின் நக்சல்பாரி வட்டாரத்தில் 1967 மே 24 அன்று சோனம் வாங்டி என்னும் காவல் ஆய்வாளர் அம்பெய்து கொல்லப்பட்டார். மறுநாள் காவலர் சுட்டதில் பெண்களும் குழந்தைகளும் உட்பட 11 பேர் மாண்டனர். அண்மையில், உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வேலையிழந்த பள்ளி ஆசிரியர்கள் 2025 மே 15 அன்று இதே விகாஷ் பவனின் வாயிலை முற்றுகையிட்டபோது, இரவில் காவலர்கள் தடியடி நடத்தினர். கல்விக்காகத் தொகை வழங்கும் கட்டடத்தின் முன்னே கல்வி கற்பித்தவர்கள் அடிபட்டார்கள் என்பதைப் பார்த்த ஒருவர், காவலர் குடும்பத்துக்குத் தனியொரு சலுகை எதற்கு என்று கேட்டால் அதை வெறும் கோபம் என்று ஒதுக்க முடியாது. ஆனால் அக்கேள்வியின் வலிமை முழுவதும் பெருமைக் கோட்பாட்டின்மீதே விழுகிறது. உதவித்தொகை காவல் துறைக்குச் சூட்டும் மாலை என்றால், மாலைக்குரிய கழுத்துதானா அது என்று ஊர் கேட்கத்தான் செய்யும். கடன் அவ்வாறு அமைவதில்லை. ஒரு காவலரின் பிள்ளைக்குப் பட்ட கடனை அடைப்பது இன்னொரு காவலரின் தடிக்கு ஒப்புதல் கொடுப்பதாகாது. எசேக்கியேலின் விதி இங்கே இருபுறமும் வெட்டுகிறது: துறையின் குற்றம் பிள்ளையின் தலையில் இறங்காது, துறையின் புகழும் பிள்ளையால் பெருகாது.

அப்படியானால் கடனை இழப்பாலும் ஆணையாலும் அளக்கும்போது, காக்கி உடைக்குத் தனியுரிமை ஏதும் மிஞ்சுமா? முழுமையாக மிஞ்சாது என்றே சொல்ல வேண்டும். 2025 பிப்ரவரி 2 அன்று, கொல்கத்தாவின் பாந்தாலா தோல் தொழில் வளாகத்தில் பாதாளச் சாக்கடைக் குழியைச் சுத்தம் செய்ய இறங்கிய மூன்று தொழிலாளர்கள் மாண்டனர். அவர்களையும் நகரம்தான் அங்கே இறக்கியது, நகரத்தின் பொருட்டே இறங்கினார்கள். நாரதரின் கேள்வி அவர்கள் வீட்டு வாசலிலும் நிற்கும். உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபர் 20 அன்று பல்ராம் சிங் வழக்கில் இத்தகைய சாவுகளுக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியதோடு நிறுத்திக்கொள்ளாமல், இறந்தோரின் பிள்ளைகள் பொருளுள்ள கல்வி பெறுவதற்கு உதவித்தொகை வழங்கப்பட வேண்டும் என்றும் ஆணையிட்டது. காவலருக்கும் சாக்கடைத் தொழிலாளருக்கும் இடையே ஒரு வேறுபாடு மட்டும் உண்டு: காவலர் பணியை ஏற்கும்போதே ஆபத்தையும் சட்டப்படி ஏற்கிறார், மறுக்கும் உரிமையை இழக்கிறார், சாக்கடைக்குள் மனிதரை இறக்குவதையோ சட்டமே தடைசெய்திருக்கிறது. தடைசெய்யப்பட்ட வேலையில் இறக்கிவிடப்பட்டவரின் பிள்ளைக்குக் கடன் குறையும் என்று வாதிட எந்த நூலும் துணைவராது. கூடும் என்று வாதிடவே இடமுண்டு.

இனி எஞ்சுவது வாங்குபவரின் பக்கம். தொகையைப் பெற்ற பிள்ளை யாருக்கு, எதைத் திருப்பித் தர வேண்டும்? விகாஷ் பவன் உதவித்தொகை யாருடைய பெயரைத் தாங்கியிருக்கிறதோ அந்த விவேகானந்தர், கர்ம யோகம் பற்றி நியூயார்க்கில் ஆற்றிய உரைகளில், கொடுப்பவர் உயர்ந்த இடத்தில் நிற்கவில்லை என்றும், கொடுக்க வாய்ப்பளித்தவருக்குக் கொடுப்பவரே நன்றி பாராட்ட வேண்டும் என்றும் வாதிட்டார். கடனைத் திருப்பும் அரசுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும், ஏனெனில் கடனை வசூலித்தவரிடம் நன்றி எதிர்பார்ப்பது உலகில் எங்கும் இல்லாத வழக்கம். ஆனால் பிள்ளைக்கு ஒரு கடனும் இல்லை என்றும் கூற இயலாது. மனிதர் மூன்று கடன்களோடு பிறக்கிறார் என்னும் கருத்துக்குத் தைத்திரீய சங்கிதை மூலமாகும். தேவர்களுக்கு வேள்வியாலும், முன்னோருக்கு மக்கட்பேற்றாலும், முனிவர்களுக்குக் கற்றலாலும் அக்கடன்கள் அடைக்கப்படும் என்பது அதன் கொள்கை. அந்நூல் இதை ஒரு வருணத்தாரை நோக்கியே சொன்னது என்பதை மறைக்க வேண்டியதில்லை; கல்வி எல்லார்க்கும் உரியதான பின், அக்கடனும் எல்லார்க்கும் உரியதாயிற்று. இந்தக் கணக்கின்படி மாணவர் தம் கல்வியால் அடைப்பது அரசின் கடனை அன்று, அறிவை ஆக்கித் தந்தவர்களின் கடனை. அரசு தன் கடனை அவருக்குச் செலுத்துகிறது. அவர் தம் கடனை வேறொருவருக்குச் செலுத்தப் போகிறார். இரண்டும் ஒன்றோடொன்று நேர்செய்யப்படுவதில்லை.

இதன் விளைவு அரசுக்குச் சிறிது கசப்பாகவும் இருக்கலாம். 1999இல் நிறுவப்பட்ட மேற்கு வங்க தேசிய சட்ட அறிவியல் பல்கலைக்கழகம் சால்ட் லேக்கின் மூன்றாம் செக்டரில் இருக்கிறது. கொல்லப்பட்ட காவலர் ஒருவரின் மகள் அங்கே சட்டம் பயில்வதாகக் கொண்டால், அவர் முதலில் படிக்கும் தீர்ப்புகளுள் ஒன்றாக டி.கே. பாசு வழக்கு இருக்கும். மேற்கு வங்கத்தின் சட்ட உதவி அமைப்பு ஒன்றின் செயல் தலைவராக இருந்த பாசு, காவலில் நிகழும் சாவுகளைப் பற்றி 1986 ஆகஸ்டில் இந்தியத் தலைமை நீதிபதிக்கு எழுதிய கடிதமே வழக்காக ஏற்கப்பட்டது. 1996 டிசம்பர் 18 அன்று வெளிவந்த தீர்ப்பு, கைதுசெய்யும் காவலர் தம் பெயர் விளங்கும்படி அடையாளம் அணிய வேண்டும், கைதுக் குறிப்பில் சாட்சியின் கையெழுத்து வாங்க வேண்டும், உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பன உட்பட 11 விதிகளை நாடு முழுவதற்கும் வகுத்தது. அந்த மகள் பட்டம் பெற்று, இவ்விதிகளை மீறிய ஓர் அதிகாரிக்கு எதிராக, காவலில் இறந்த ஒருவரின் குடும்பத்துக்காகக் கொல்கத்தா உயர் நீதிமன்றத்தில் வாதாடினால், உதவித்தொகை தவறான கைக்குப் போய்விட்டது என்று முணுமுணுக்கத் துறைக்குள் சிலர் இருப்பர். அவர் வாதாடும் குடும்பத்திலும் தந்தையை இழந்த பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களுடைய கல்லூரிக் கட்டணத்துக்கு இன்னும் எந்தத் திட்டமும் எழுதப்படவில்லை.